வளைந்த முள்ளும் ஒடிந்த முள்ளும்



சென்ற திங்கள் இப்பகுதியில் தையல் இயந்திரத்தை வீட்டிலேயே துப்புரவு செய்து எண்ணெயிடும் முறையைக் கண்டோம். அதைப் படித்த மூத்த வாசகி ஒருவர் நீண்டதொரு மடல் எழுதியுள்ளார். அவருடைய கணவர் முப்பது ஆண்டுகளாகக் கையாண்ட மைப்பேனா, அவர் மறைந்த பின் அலமாரியில் ஓர் உறைக்குள் இருந்து வந்ததாம். பள்ளியில் பயிலும் பேரன் அதை எடுத்து எழுதிப் பார்க்கையில், கை தவறித் தரையில் விழுந்து முள் வளைந்துவிட்டதாம். “அச்சத்தினால் மூன்று நாள் அவன் வாய் திறக்கவில்லை. நான் கண்டுபிடித்தபோது அழுதுவிட்டான். இந்த முள்ளை நேராக்க இயலுமா? இயலாதெனில் வேறு முள் பொருத்தலாமா? அப்படிப் பொருத்தினால் அது அவருடைய பேனாவாகவே இருக்குமா?” என்று மூன்று கேள்விகளை அந்த அம்மையார் எழுப்பியிருக்கிறார்.

முதல் இரு கேள்விகளுக்கும் விடை சொல்வது எளிது. மூன்றாவது கேள்விக்கு விடை காண, என் சிறுவயதில் நிகழ்ந்த ஒன்றை நான் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் முள்ளைப் பற்றிப் பார்ப்போம்.

முள்ளின் அமைப்பு

நிப்பு என்றும் முள் என்றும் நாம் வழங்கும் அந்தச் சிறு தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் நடுவே ஒரு சிறு துளை. அத்துளையிலிருந்து நுனி வரை மயிரிழை போன்ற ஒரு பிளவு. இப்பிளவு முள்ளின் முன்பகுதியை இரு கால்களாகப் பிரிக்கிறது. இரு கால்களும் கூடும் நுனியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிறு மணி உண்டு. முள்ளின் அடியில் நாக்கைப் போன்ற கறுப்புக் கட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அக்கட்டையின் மேற்புறத்தில் ஓடும் நுண்ணிய வாய்க்கால் வழியாகவே மை முள்ளை வந்தடைகிறது.

மை எவ்வாறு இறங்குகிறது? விளக்குத் திரி எண்ணெயைத் தானே இழுத்துக்கொள்வதைப் போல, குறுகிய பிளவு மையைத் தன்பால் இழுக்கிறது. இதனை நுண்புழை ஏற்றம் எனப் பள்ளிப் பாடநூல்கள் கூறும். வெளியேறிய மைக்கு ஈடாக அதே வழியில் காற்று உட்புகுந்தால்தான் அடுத்த துளி இறங்கும். அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மன், 1884-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற தம் பேனாவில், மையும் காற்றும் இவ்வாறு ஒழுங்காக மாறிக்கொள்ளுமாறு கட்டையை அமைத்தார். அதன் பின்னரே மைப்பேனா நம்பிக்கைக்குரிய கருவியாகப் பரவியது.

பிளவு மிகக் குறுகினால் மை இறங்காது. மிக அகன்றாலும் இழுக்கும் ஆற்றலை இழந்துவிடும். பெரும்பாலான பழுதுகள் இந்த இரண்டில் ஒன்றாகவே வந்து முடியும்.

பழைய முட்களைப் பொன்னால் செய்ததற்குக் காரணம் வெறும் ஆடம்பரம் அன்று. அக்காலத்து மைகள் அமிலத் தன்மை மிக்கவை. நம் நாட்டில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய மை எவ்வாறு இரும்பை அரிக்குமோ, அவ்வாறே மேனாட்டு மைகளும் எஃகு முட்களை அரித்தன. பொன்னை அவை தீண்டவில்லை. ஆயினும் பொன் மென்மையானது. தாளில் உராய்ந்து விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே அதன் நுனியில் மிகக் கடினமான உலோக மணி ஒன்றைப் பற்றவைத்தனர். 1803-ஆம் ஆண்டில் ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கில வேதியியல் அறிஞர் கண்டறிந்த இரிடியம், ஆஸ்மியம் ஆகியன இப்பணிக்கு உதவின. இக்கால மணிகள் பலவற்றில் இரிடியம் இல்லை. இருந்தாலும் மிகச் சிறிதே. எனினும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகு பரவிய பின், எஃகு முட்களும் நீண்ட நாள் உழைக்கலாயின.

இந்த மணியை நன்றாக நினைவில் கொள்ளுங்கள். முள்ளின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதலில் கழுவுக

எழுதாத பேனாவெல்லாம் பழுதுற்ற பேனா அன்று. பல காலம் அலமாரியில் கிடந்த பேனாவில் பழைய மை காய்ந்து வாய்க்காலை அடைத்திருக்கும். முள்ளைக் குற்றம் சொல்லுமுன் அதனைக் கழுவிப் பார்ப்பதே முறை.

கழுத்துப் பகுதியைக் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். நீரில் நீலமோ கருமையோ கரைந்து இறங்குவதைக் காண்பீர்கள். நீரை மாற்றி மாற்றி, அது தெளியும் வரை இவ்வாறு செய்க. வெந்நீர் கூடாது. எபோனைட் என்னும் கெட்டி ரப்பரால் செய்த பழைய பேனாக்கள் வெந்நீரில் நிறம் மங்கிப் பழுப்பேறும்; செல்லுலாய்டு பேனாக்கள் உருக்குலையும். ஸ்பிரிட் ஊற்றிக் கழுவுவதும் கேடு விளைவிக்கும். பிளவில் குண்டூசி நுழைத்துக் குடையும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எது ஆறும் காயம்?

கழுவிய பின்னும் குறை நீங்கவில்லையெனில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் கண்ணாடி கிடைத்தால் மிகவும் நல்லது. முள்ளின் நுனியை உங்களை நோக்கித் திருப்பி, மணியின் இரு பாதிகளையும் உற்று நோக்குங்கள். காணக்கூடிய குறைகள் பெரும்பாலும் பின்வருவனவற்றுள் ஒன்றாக இருக்கும்.

ஒரு கால் சற்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருக்கலாம். எழுதும்போது ஒரு திசையில் வழுக்கியும் மறு திசையில் கீறியும் செல்வது இதன் அறிகுறி. இது மிக எளிதில் தீரும். உயர்ந்திருக்கும் காலைப் பெருவிரல் நகத்தால் மெல்லக் கீழ்நோக்கி அழுத்தி, சில நொடிகள் அப்படியே பிடித்து விடுக. மீண்டும் கண்ணாடியில் பார்க்க. ஒரே முயற்சியில் முடிக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். பத்து முறை சிறிது சிறிதாகச் செய்வது, ஒரு முறை மிகையாகச் செய்வதைவிட நன்று.

இரு கால்களும் விரிந்து நடுவே இடைவெளி தெரியலாம். அழுத்தி எழுதுவதால் வரும் கேடு இது. கார்பன் தாள் வைத்து மைப்பேனாவால் எழுதியோரின் முட்கள் பெரும்பாலும் இவ்வாறே விரிந்தன. பந்துமுனைப் பேனாவில் பழகிய கைகளும் தம்மை அறியாமல் அழுத்துகின்றன. மைப்பேனாவுக்கு அதன் சொந்த எடையே போதும். இலேசாக விரிந்த கால்களை, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் மேல் மயிரிழை அளவு ஏறுமாறு மெல்ல நகர்த்தி, உடனே மறுபக்கமும் அவ்வாறே செய்து விட்டால், அவை தம் இயல்பான நெருக்கத்துக்குத் திரும்பும்.

இதற்கு மாறாக, கால்கள் இறுக ஒட்டிக்கொண்டு மை வறண்டு வரலாம். அப்போது முடியினும் மெல்லிய பித்தளைத் தகட்டைப் பிளவில் நுழைத்து ஓரிரு முறை இழுக்கலாம். சவர பிளேடு இதற்கு உதவாது. அதன் கூர் விளிம்பு பிளவின் உட்புறத்தைக் கீறிப் புண்ணாக்கும்.

முள் கீழே விழுந்து வளைந்திருக்கலாம். வாசகியின் பேனாவுக்கு நேர்ந்தது இதுவே. பார்ப்பதற்கு அச்சம் தரும் காட்சிதான். கழுகின் அலகைப் போல முனை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடங்கியிருக்கும். ஆயினும் மணி இரு கால்களிலும் குன்றாமல் இருந்தால், பெரும்பாலும் இதனைச் சரி செய்துவிட முடியும். முள்ளைக் கழற்றி வழவழப்பான கெட்டி மரத்தின் மேல் வைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகு போன்ற மழமழப்பான உருண்டைப் பரப்பால், தோள் பகுதியிலிருந்து வளைவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தேய்த்து நீவ வேண்டும். பொன் முள் இணங்கி வரும். எஃகு முள் நேரானது போலக் காட்டி மீண்டும் தன் வளைவுக்கே திரும்பப் பார்க்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கம்பியை ஒடிக்க விரும்புகிறவர் என்ன செய்கிறார்? முன்னும் பின்னும் பலமுறை வளைக்கிறார். உலோகம் ஒவ்வொரு வளைவிலும் சற்றே இறுகி, இறுதியில் வெடிக்கிறது. முள்ளும் அத்தகையதே. ஆகவே விலை உயர்ந்த முள்ளையோ, நினைவுக்குரிய முள்ளையோ முதன்முதலாகப் பழகும் கை தொடக்கூடாது. பயன்படாத பழைய எஃகு முட்களில் பழகிய பின்னரே அதனைத் தொடுவது நன்று. அல்லது கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுவது அதனினும் நன்று.

இனி, ஆறாத காயங்கள் இரண்டு. ஒன்று, துளையிலிருந்து பக்கவாட்டில் ஓடும் வெடிப்பு. மற்றொன்று, மணி உதிர்ந்துபோன முள். பொன் முள்ளாயின், புதிய மணியைப் பற்றவைத்துப் பிளவைத் திரும்ப அறுத்துத் தரும் வல்லுநர் உலகில் சிலர் இருக்கின்றனர். அதற்கு ஆகும் செலவு புதிய பேனாவின் விலையை மிஞ்சுவதும் உண்டு. எஃகு முள்ளாயின் மாற்றுவதொன்றே வழி.

பள்ளிப் பருவத்தில் நம்மில் பலர் கீறும் முள்ளைச் சிமெண்டுத் தரையிலும் சிலேட்டிலும் தேய்த்து வழுக்கச் செய்ததுண்டு. அன்று வழுக்கியது உண்மை. ஆனால் மணியைத் தேய்த்தே அந்த வழுக்கலைப் பெற்றோம். தேய்த்து எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க எவராலும் ஆவதில்லை. அந்தப் பேனாக்கள் ஆண்டு முடியும் முன்பே தடித்த கோடாக இழுக்கத் தொடங்கியது இதனால்தான்.

முள்ளை மாற்றும் முறை

நம் நாட்டுப் பேனாக்களில் பெரும்பாலானவற்றில் முள்ளும் கட்டையும் கழுத்துக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒரு சிறு வளையத்தோடு சேர்த்துத் திருகப்பட்டிருக்கும். முள்ளின் பெரும்பகுதி கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டும் தெரியும் பேனாக்களை வீட்டில் பிரிக்க வேண்டா.

கழற்றுமுன், முள் கட்டையைவிட எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பின்பு கழுத்தை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டை வெட்டி, அதனால் முள்ளையும் கட்டையையும் சேர்த்துப் பற்றி, நேராக இழுங்கள். முள்ளின் கால்களைப் பிடிக்காமல், கழுத்தை ஒட்டிய அகன்ற பகுதியைப் பிடிக்க வேண்டும். முறுக்கிப் பிடுங்கினால் கட்டையின் மெல்லிய இதழ்கள் ஒடிந்துபோகும். இடங்கொடுக்கவில்லையெனில் இன்னும் ஓர் இரவு ஊறட்டும்.

புதிய முள் வாங்கச் செல்லும்போது பழைய முள்ளையும் கட்டையையும் உடன் கொண்டு செல்லுங்கள். ஐந்தாம் எண், ஆறாம் எண் என்று கடைக்காரர் கூறுவது ஏறத்தாழக் கட்டையின் குறுக்களவை மில்லிமீட்டரில் குறிப்பதாகும். எனினும் எண்ணை மட்டும் நம்பாமல், முள்ளின் வளைவு கட்டையின் வளைவோடு படிகிறதா என்று வைத்துப் பார்ப்பதே உறுதி. இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மை தடைப்படும்.

கட்டை எபோனைட்டால் ஆனதாயின் அந்த இடைவெளியை மூடலாம். முள்ளையும் கட்டையையும் பொருத்திய நிலையில், கொதித்து இறக்கிய நீரில் சிறிது நேரம் பிடித்து, உடனே துணியால் பற்றிப் பெருவிரலால் முள்ளைக் கட்டையின் மேல் அழுத்தி, அப்படியே குளிர்ந்த நீரில் ஆற்ற வேண்டும். வெப்பத்தில் இளகும் எபோனைட், முள்ளின் வளைவை ஏற்றுக்கொண்டு இறுகும். பிளாஸ்டிக் கட்டை இவ்வாறு இணங்காது. பேனாவின் மற்றப் பகுதிகள் அந்த வெந்நீரைத் தொடக்கூடாது என்பதையும் மறவாதீர்கள்.

பின்பு முன்னர் வரைந்து வைத்த அளவின்படி இரண்டையும் சேர்த்துக் கழுத்தில் செருகுங்கள். முள்ளின் பிளவு கட்டையின் வாய்க்காலுக்கு நேர் மேலே வரவேண்டும். மை நிரப்பி, அழுத்தாமல், பெரிய எட்டு வடிவங்களாக எழுதிப் பாருங்கள். எட்டு போடுகையில் முள் எல்லாத் திசைகளிலும் செல்வதால், எத்திசையில் குறையிருப்பினும் அது தெரிந்துவிடும். அரக்கு கலந்த ஓவிய மையை ஒருபோதும் மைப்பேனாவில் ஊற்றாதீர்கள். அது வாய்க்காலில் காய்ந்தால் கரையாது.

முட்கள் எங்கிருந்து வந்தன என்று பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வெள்ளரிக்கும் காரச்சேவுக்கும் பெயர் பெற்ற சாத்தூர், ஒரு காலத்தில் பேனா முட்களுக்கும் அவ்வாறே பெயர் பெற்றிருந்தது. சிறு பட்டறைகளிலே எஃகுத் தகட்டை வெட்டி, வளைத்து, பிளந்து, மெருகிட்டு அவர்கள் அனுப்பிய முட்கள் பல ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பைகளில் குடியிருந்தன. பந்துமுனைப் பேனாவும் பின்னர் வந்த ஜெல் பேனாவும் அத்தொழிலைப் பெரிதும் சுருக்கிவிட்டன. பேனாவின் உடலைக் கடைவதில் ஆந்திரத்து ராஜமகேந்திரவரம் புகழ் பெற்றது. அங்கு 1932-இல் ரத்தினம் என்பார் சுதேசிப் பேனாத் தொழிலைத் தொடங்கினார். நம் திருவள்ளூரிலும் எபோனைட் தண்டுகளைக் கையால் கடைந்து பேனா செய்யும் கலை தொடர்ந்து வந்துள்ளது.

1974-இல் நடந்தது

இனி, நான் சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சி.

என் தந்தையார் சிற்றூர்ப் பள்ளியொன்றின் தலைமை ஆசிரியர். முன்பு பணியாற்றிய ஊரை விட்டு மாறுதலில் வந்தபோது, அவ்வூர் மக்கள் பணம் சேர்த்து அவருக்குப் பொன் முள் கொண்ட கறுப்புப் பேனா ஒன்றைப் பரிசளித்திருந்தனர். எங்கள் வீட்டில் விலை உயர்ந்த பொருள் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. சம்பளப் பட்டியல், உறவினருக்கு மடல், இரவில் எழுதும் வரவு செலவு நோட்டு ஆகிய அனைத்தும் அப்பேனாவாலேயே எழுதப்பட்டன.

1974-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள். எனக்கு வயது பன்னிரண்டு. தந்தையார் வெளியே சென்றிருந்த ஒரு புதன்கிழமை மாலை, அந்தப் பேனாவை எடுத்து என் பெயரை எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை எழுதுமுன் அது மேசையிலிருந்து உருண்டு, முள் தரையில் குத்தி விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். முனை மேல்நோக்கி வளைந்திருந்தது.

தந்தையார் என்னை அடித்தவர் அல்லர். எனினும் அவருடைய மௌனத்துக்கு நான் அஞ்சினேன். அவர் வருமுன் சரி செய்து வைத்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம் என்னை ஆட்கொண்டது. தாத்தாவின் தச்சுப் பெட்டியிலிருந்து குறட்டை எடுத்து, வளைந்த முனையைப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்பினேன். ‘டிக்’ என்ற ஒரு சிறு ஓசை. அது என்ன ஓசை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தேன்; தாளைக் கிழித்தது. பிளேடால் பிளவைக் கீறினேன். அம்மிக்கல்லின் ஓரத்தில் தேய்த்தேன். ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் முன்னையதைவிட மோசமாயிற்று. முடிவில் மூடியிட்டு, சட்டைப் பையில் இருந்தபடியே திரும்பச் செருகிவிட்டேன்.

அன்று இரவு அவர் நோட்டை விரித்துப் பேனாவைத் திறந்தபோது நான் கதவின் பின்னே நின்றிருந்தேன். ஒரு சொல் எழுதினார். நிறுத்தினார். விளக்கருகில் முள்ளைக் கொண்டு சென்று வெகுநேரம் பார்த்தார். பென்சிலை எடுத்துக் கணக்கை எழுதி முடித்தார். என்னை அழைக்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்களும் பென்சிலால்தான் எழுதினார். நானும் சொல்லவில்லை. அம்மூன்று நாட்களும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் என் தாயார் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, “சட்டையைப் போட்டுக்கொண்டு வா, டவுனுக்குப் போய் வருவோம்” என்றார். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில், கண்ணாடிப் பெட்டியும் ஸ்பிரிட் விளக்கும் வைத்துக்கொண்டு பேனா பழுது பார்ப்பவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் முள்ளைக் கழற்றித் துடைத்து, கண்ணில் கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தார்.

“வாத்தியார் ஐயா, இதிலே இரண்டு காயம் இருக்கிறது. ஒன்று விழுந்த காயம். இன்னொன்று குறட்டுக் காயம். விழுந்த காயம் மட்டும் என்றால், நீங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் நேராக்கிக் கொடுத்திருப்பேன். குறட்டால் திருகியதில் ஒரு பக்கத்து மணி உதிர்ந்து போயிருக்கிறது. இனி இதை ஒன்றும் செய்வதற்கில்லை.”

தந்தையார் மறுமொழி கூறவில்லை. நான் தலை குனிந்து நின்றேன். அந்த முதியவர் என்னை நோக்கி, “தம்பி, நீயும் பாரேன்” என்று கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். மழமழப்பான பொன் தகட்டின் மேல் குறட்டின் பற்கள் உழுத வயலைப் போலச் சால் சாலாகப் பதிந்திருந்தன. ஒரு காலின் நுனியில் வெண்மையான மணி ஒளிர்ந்தது. மற்றக் காலின் நுனி மொட்டையாக இருந்தது. அன்றைய ‘டிக்’ ஓசையின் பொருள் அப்போது விளங்கிற்று.

“நான்தான் அப்பா” என்றேன். மூன்று நாளாக வராத சொல் அது.

“தெரியும். குறட்டைத் திரும்பப் பெட்டியில் தலைகீழாக வைத்திருந்தாய்” என்றார். அவ்வளவே. பின்பு பழுது பார்ப்பவரிடம், எஃகு முள் ஒன்று போட்டுத் தருமாறு கூறினார். அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, சாத்தூர் முட்களில் நான்கை எடுத்துக் கட்டையின் மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினார். எழுதிப் பார்க்கத் தாளை நீட்டியபோது, தந்தையார் பேனாவை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் என் பெயரை எழுதினேன். வீடு திரும்பும் வழியில், “இனி எழுத ஆசையாக இருந்தால் கேள், தருகிறேன்” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது கேள்வி

முள் மாற்றிய பின் அது அவருடைய பேனாவாகவே இருக்குமா என்று வாசகி கேட்டிருக்கிறார். அக்கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. ஒருவர் பல ஆண்டுகள் ஒரே முள்ளால் எழுதும்போது, அவர் பேனாவைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்ப மணியின் ஒரு பக்கம் மெல்லத் தேய்ந்து அவர் கைக்கு இசைந்துவிடுகிறது. அந்தத் தேய்வில் அவருடைய ஆயிரமாயிரம் சொற்கள் இருக்கின்றன. அதனை எந்தப் புதிய முள்ளும் தரமாட்டாது. ஆகவே இயன்றவரை பழைய முள்ளைக் காப்பாற்றுவதே முறை. வளைவு மட்டும் இருப்பின், மணியை அரைக்காமல் நேராக்கித் தருமாறு பழுது பார்ப்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாற்றத்தான் வேண்டுமெனில், கழற்றிய முள்ளை எறியாமல் ஒரு சிறு காகிதத்தில் மடித்துப் பேனாவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டுகள் இன்றும் என்னிடம் உள்ளன. 1974-ஆம் ஆண்டு நோட்டைப் புரட்டினால், ஆகஸ்டுத் திங்களில் ஓரிடம் வரை எழுத்து மெல்லிய கோடாக ஓடுகிறது. பின்பு சில நாட்கள் பென்சில். அதற்குப் பின் எஃகு முள்ளின் தடித்த கோடு. முதல் சில பக்கங்களில் சொற்கள் சற்றே தடுமாறுகின்றன. தீபாவளிச் செலவுக் கணக்கு வருவதற்குள் அத்தடுமாற்றம் மறைந்துவிடுகிறது. கோடு தடித்ததே அன்றி, அது அவருடைய கையெழுத்தாகவே இருக்கிறது. அதே பேனாவால் 1991-இல் தாம் மறையும் வரை அவர் எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குரிய பதிவையும் சொல்லிவிடுகிறேன். ‘பஸ் கட்டணம்’ என்று ஒரு வரி. அதன் கீழே, ‘பேனா பழுது - ரூ. 1.25’. யாரால் பழுதாயிற்று என்ற குறிப்பு அதில் இல்லை.

அம்மையாரே, உங்கள் பேரன் மூன்று நாள் மறைத்தான் என்றாலும் குறட்டைத் தேடிச் செல்லவில்லை. அவ்வகையில் அவன் என்னைவிட நல்லவன். உங்கள் கணவரின் முள்ளும் என் தந்தையாரின் முள்ளைவிட நற்பேறு பெற்றது. மணி இரு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பின் அந்த முள் மீண்டும் எழுதும் என்றே நான் நம்புகிறேன். பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லும்போது பேரனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் முதலில் அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் நேரான பின் முதல் வரியையும் அவனே எழுதட்டும்.